எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது

என்றும் என் மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், மகன், மருமகள் மூவரும் சுகம். மருமகள் வயிற்றில் இருக்கும் நாலாவது ஆள் எங்கள் மூவரையும்விடச் சுகம், ஏனென்றால் அதற்கு வாடகை வீடு தேடும் வேலை இல்லை. அங்கே உன் காதும் அத்தானின் முதுகும் எப்படி இருக்கின்றன? காது மெஷினைக் கழற்றி வைத்தபிறகு அத்தான் பேசுவது எவ்வளவோ இதமாக இருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதனால்தான் இந்த விஷயத்தைப் போனில் சொல்லவில்லை. போனில் உன்னிடம் ஒரு ரகசியத்தைச் சொல்ல வேண்டுமானால் நான் கத்துகிற கத்தலில் எங்கள் மாடியில் நாலு வீட்டுக்கும், அதை நீ திருப்பிக் கேட்கிற கேள்வியில் உங்கள் தெருவுக்கும் தெரிந்துவிடும்.

ஆமாம், இது ரகசியம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நீ கிழிக்க மாட்டாய், எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாய் என்று தெரியும். போகட்டும், டப்பாவின் அடியில் வை. எப்போதும் கடைசிக் கால் பக்கத்தை மருமகளுக்காக விட்டுவைப்பேன், அவள் உனக்கு நாலு வரி எழுதி, உறையை ஒட்டி, வேலைக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிடுவாள். இந்த முறை அவள் கையெழுத்து இருக்காது. மருமகள் என்னை மறந்துவிட்டாளா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நானே தபாலில் போடப் போகிறேன். விஷயத்துக்கு வருகிறேன் அக்கா. நான் இந்த வீட்டை விட்டுப் போகிறேன்.

பதறாதே. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ வசதி, கோபித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். எங்கள் வீட்டைத்தான் நீ பார்த்திருக்கிறாயே, ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, ஒரு ஹால், அந்த ஹாலில் ஜன்னலோரமாக என் கட்டில். பிறக்கப் போகும் குழந்தைக்கு மரத் தொட்டில் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அதைப் பிரித்துப் பூட்ட இடமில்லாமல் பெட்டியோடு படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் அந்தக் கதவு பாதிதான் திறக்கும். ஏழு மாதக் கர்ப்பிணி பாதித் திறந்த கதவு வழியாகப் பக்கவாட்டில் நுழைகிறாள் என்றால் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி டீ குடிப்பது? மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து இருவரும் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து என் கட்டிலை அளந்தார்கள். நீளம், அகலம், சுவரிலிருந்து தூரம், எல்லாம். மகன் சொன்னான், "இதைக் கொஞ்சம் நகத்திட்டா கச்சிதமா வந்துரும்." மருமகள் அவன் வாயைப் பொத்தாத குறையாக, "மெதுவா பேசுங்க. மாமாகிட்ட இதை எப்படிக் கேக்கறதுன்னே எனக்குத் தெரியல" என்றாள். அப்புறம் இருவரும் பூனை மாதிரி உள்ளே போய்விட்டார்கள். நான் பேப்பருக்கு அடியிலேயே விழித்துக்கொண்டு கிடந்தேன். அன்றைய பேப்பரில் இரண்டாம் பக்கம் மூக்குக்கு நேராக இருந்த கட்டிட சிமென்ட் விளம்பரம் எனக்கு இப்போதும் மனப்பாடம்.

அவர்கள் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை அக்கா, சத்தியமாக. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப் போகிறேன், முதலில் நெஞ்சுக்குள் என்னவோ செய்தது, பிறகு சரியாகிவிட்டது. அந்தப் பெண் கேட்கக் கூச்சப்படுகிறாள் பார், அதுதான் மனதைப் பிசைந்தது. அவள் வாய் திறந்து கேட்கும்படி வைக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். முப்பத்துநாலு வருஷம் பதினோரு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் ஓட்டியவன் நான். எங்கள் கூண்டில் போர்டு போட்டிருக்கும், எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று. அந்த எட்டில் நானும் ஒருவன். பாரம் அதிகமானால் மணி அடிக்கும், கதவு மூடாது. மணி அடித்ததும் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள், எதிர்த்த வீட்டில் யாருக்கோ அடிக்கிறது என்கிற மாதிரி. ஒரு தடவை கணக்குப் பிரிவு டைப்பிஸ்ட் பெண், நிறைமாதம், கடைசியாக ஏறினாள், மணி அடித்துவிட்டது. அவள் பாவம் இறங்கப் போனாள். கூரையைப் பார்த்தவர்கள் கூரையிலேயே குடியிருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, "நீ நில்லும்மா, ஆறை மட்டும் அமுக்கு" என்று சொல்லிவிட்டு நானே இறங்கிப் படியில் ஓடினேன். ஆறாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்று "ஆறாவது மாடி" என்று அறிவித்தேன். ஆள் இல்லாமல் லிஃப்டை அனுப்பியதற்காக மேனேஜர் மெமோ கொடுத்தார். அந்த மெமோவை இன்னும் வைத்திருக்கிறேன், எனக்கு எழுத்தில் கிடைத்த ஒரே பாராட்டு அது. ஆக, மணி அடித்தால் யார் இறங்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்றிலிருந்து, வாக்கிங் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தினமும் ஒரே அறை உள்ள வீடாகத் தேடி அலைகிறேன். அதே அறையில் படுக்கை, அதே அறையில் அடுப்பு, ஒரு மூலையில் குளியலறை, அவ்வளவுதான், என் ஒருவனுக்கு அதற்கு மேல் எதற்கு? புரோக்கர் ஒருவரைப் பிடித்தேன். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'பக்கத்துல'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். பஸ் ஸ்டாப் பக்கத்துல, ஆஸ்பத்திரி பக்கத்துல, பார்க்கப் போகிற வீடும் பக்கத்துல. அவருடைய பக்கத்துலவை நம்பி நடந்து என் செருப்பு ஒன்று வாய் பிளந்துவிட்டது. முதல் நாள் காட்டிய அறையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் குளியலறைக் கதவு திறக்காது, குளியலறையைத் திறந்தால் ஃப்ரிட்ஜ் திறக்காது. கட்டில் சுவரோடு மடங்கி ஏறிக்கொள்ளும். 'பக்கத்துல'வுக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. எனக்கு என்னவோ அரண்மனையாகத் தெரிந்தது. நாலுக்கு நாலடிக் கூண்டில் காலம் கழித்தவனுக்கு எந்த அறையைப் பார்த்தாலும் எத்தனை பேர் நிற்கலாம் என்றுதான் கணக்கு ஓடும். தாராளமாகப் பதினெட்டுப் பேர் நிற்கலாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போன் பேச வெளியே போய்விட்டார்.

அங்கேதான் கெட்டது காரியம். எனக்கு ஒரு பழக்கம் உண்டு, அறைக்குள் போனால் நடுவில் நிற்க வராது. கதவை ஒட்டிய மூலையில், ஸ்விட்ச் போர்டு பக்கமாக, சுவரில் வலது தோளைச் சாய்த்துக்கொண்டு வாசலைப் பார்த்துத்தான் நிற்பேன். அப்படி நின்றுகொண்டிருக்கிறேன், அதே அறையைப் பார்க்க ஓர் இளம் ஜோடி வந்தது. வாசலில் தயங்கினார்கள். என் வாய் சும்மா இருக்குமா? "வாங்க, உள்ள போங்க, இன்னும் உள்ள போங்க, இடம் இருக்கு" என்றேன். முப்பத்துநாலு வருஷம் சொன்னது, தானாக வந்துவிட்டது. அவர்கள் என்னைக் கட்டிடத்து ஆள் என்று நினைத்துத் தண்ணீர் எப்படி வரும் என்று கேட்டார்கள், குழாயைத் திறந்து காட்டினேன். எந்த ஸ்விட்ச் எதற்கு என்று கேட்டார்கள், அதையும் போட்டுக் காட்டினேன். அந்தப் பையன், "ரொம்ப நன்றி சார், நீங்க சொன்னதுனால நம்பிக்கை வந்துச்சு" என்று கையைக் குலுக்கிவிட்டு, அங்கேயே நின்று வீட்டுக்காரருக்குப் போன் செய்து அறையை எடுத்துக்கொண்டான். 'பக்கத்துல' திரும்பி வந்தபோது நான் அவர்களுக்குக் கட்டிலை எப்படி மடக்குவது என்று காட்டிக்கொண்டிருந்தேன். 

அடுத்தது ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவருடைய மாடியறை. சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம், நான் கால் வைத்த இடத்தை நான் நிற்கும்போதே துடைத்தார். பிறகு உட்கார வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். வயது அறுபத்துமூன்று, தனி ஆள் என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். மனைவி இறந்து நாலு வருஷம் என்றேன், அதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, "நான் நேராவே கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. திடீர்னு உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்றது?" என்றார். நியாயமான கேள்விதான். நான் யோசித்துவிட்டு, போவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னால் எழுத்தில் தெரிவித்துவிடுகிறேன் என்றேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன் அக்கா. அவர் சிரிக்கவில்லை. திரும்பப் பேனாவைத் திறந்து, அதை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எந்தத் தேதிக்குள் என்று பேச்சு வருவதற்குள் நான் எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது ஒரு பல் டாக்டருடைய கட்டிடத்தில், ஐந்தாவது மாடி. அருமையான காற்று, இரண்டு ஜன்னல், முப்பது பேர் நிற்கலாம். லிஃப்ட் இல்லை. ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கியவன், அறையைப் பார்த்துவிட்டு இறங்கும்போது மூன்றாவது மாடி வளைவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பல் வலியோடு வந்த ஒரு நோயாளி, கன்னம் வீங்கி இந்தப் பெரிசு இருக்கிறது, அந்த மனிதர்தான் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, ஆறுதல் சொல்லிக் கீழே இறக்கிவிட்டார். முழங்கால் வலியை வீட்டில் மறைக்கப் பட்ட பாடு தனிக்கதை. மருமகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள் அல்லவா, அவள் பார்வையிலிருந்து எதுவும் தப்பாது. வாக்கிங் போனால் சட்டையில் எப்படி மஞ்சள் சுண்ணாம்பு ஒட்டும் என்று கேட்டாள். மரத்தில் சாய்ந்தேன் என்றேன். மஞ்சள் மரமா என்று கேட்டாள். குளிக்கப் போய்விட்டேன். மறுநாள் முதல் நான் கிளம்பும்போது பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் நாலு பிஸ்கட்டும் வைத்துக் கொடுக்கிறாள். பொய் சொல்லிவிட்டு அந்தப் பிஸ்கட்டைத் தின்னுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்ல முடியாது. தின்னாமல் கொண்டுவந்தால் ஏன் தின்னவில்லை என்று கேட்பாள், அதனால் தின்றுவிடுகிறேன்.

கடைசியில் கிடைத்துவிட்டது அக்கா. ஒரு தையல்கடைக்காரர், கீழே கடை, மூன்றாவது மாடியில் அறை. பழைய காலத்துக் கம்பிக்கதவு லிஃப்ட் இருக்கிறது. அதில் ஏறினதும் கதவை நான்தான் இழுத்துச் சாத்தினேன், அவருக்கு இரண்டு தடவை இழுத்தும் வராதது எனக்கு ஒரே இழுப்பில் வந்தது. அவர் என் வயதைக் கேட்கவில்லை, சாவைக் கேட்கவில்லை. டி.வி.யைச் சத்தமாக வைப்பீர்களா என்று மட்டும் கேட்டார், எனக்கு டி.வி.யே இல்லை என்றதும் சம்மதித்துவிட்டார். பதினோரு அடிக்குப் பத்தடி. நடுவில் நின்று கையை நீட்டினால் அடுப்பு, இந்தப் பக்கம் நீட்டினால் குழாய், காலை நீட்டினால் கட்டில். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்துச் சமையலறையில் ஓர் ஆள் தட்டுக் கழுவுகிறார், கையை ஆட்டினேன், அவரும் சோப்புக் கையை ஆட்டினார். இருந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தையல்காரர் கீழே போய்விட்டார்.

நான் வழக்கமான மூலையில், வாசலைப் பார்த்து நின்றேன். ஒரு மணி நேரம் நின்றிருப்பேன் போலிருக்கிறது. எதற்காக நிற்கிறேன் என்று எனக்கே பிறகுதான் உறைத்தது, யாராவது ஏறுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். "எத்தனாவது மாடி?" என்று வாய்விட்டுக் கேட்டும்விட்டேன். அங்கே யார் இருக்கிறார்கள் பதில் சொல்ல? காலி லிஃப்டில் நான் ஒரு நாளும் அதிக நேரம் நின்றதில்லை அக்கா, மணி அடித்துக் கூப்பிட்டுவிடுவார்கள். கண் கொஞ்சம் கலங்கியது. புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், அந்த நெடி. பச்சைச் சுண்ணாம்பு. வீட்டுக்கு வந்து சட்டையை நானே துவைத்துப் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை போய்ச் சாவி வாங்குவதாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். நானாகச் சொன்னால் இவர்கள் விட மாட்டார்கள், அந்தப் பெண் அழுதுவிடுவாள், அழுதால் நான் உட்கார்ந்துவிடுவேன். அதனால் நீ வீட்டு விலாசத்துக்கு எல்லாரும் படிக்கிற மாதிரி ஒரு கடிதம் போடு. "தம்பி, வயதான காலத்தில் தனியாக இருந்து பழகு, அதுதான் உடம்புக்கு நல்லது, இது என் உத்தரவு" என்று உன் பாணியில் அதட்டி எழுது. சின்ன வயதில் நீ அதட்டி நான் மீறியது ஒன்றும் இல்லை என்று மகனுக்கே தெரியும். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, அக்கா சொல்லிவிட்டாளே, என்ன செய்ய என்று கிளம்பிவிடுவேன். தொட்டிலுக்கு இடம் கிடைக்கும், கதவு முழுசாகத் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வேன். அது போதும். போதும் என்றுதான் நினைக்கிறேன்.

நீயும் அத்தானும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கிற அளவு கேட்டும், கேட்காத அளவு கேட்காமலும், நூறு வயது இருக்க வேண்டும். அத்தானுக்கு என் வணக்கம். உன் கையால் ஒரு குட்டு வாங்கி ரொம்ப நாளாகிறது, அதையும் கடிதத்திலேயே வைத்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் சொல்லைத் தட்டாத தம்பி

பின்குறிப்பு:

பெரிய அத்தைக்கு உங்கள் தம்பியின் மருமகள் வணக்கத்தோடு எழுதுவது. மாமா இந்தக் கடிதத்தைத் தானே தபாலில் போடப் போவதாக எழுதியிருக்கிறார். எழுதி முடித்ததும் கை பழக்கத்தில், எனக்குக் கடைசிக் கால் பக்கத்தை விட்டு, உறையை ஒட்டாமல், எப்போதும் வைக்கிற மாதிரி ஃப்ரிட்ஜ் மேல் கடிகாரத்துக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். நானும் வழக்கம்போல் எடுத்து, என் நாலு வரியை எழுதலாம் என்று பஸ்ஸில் பிரித்தேன். மூன்று தடவை படித்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மஞ்சள் சுண்ணாம்பைப் பார்த்து, மாமா எங்கேயோ பெயிண்ட் வேலைக்குப் போகிறார் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் பயந்துகொண்டிருந்தோம்.

அன்றைக்கு அந்தக் கட்டிலை எதற்கு அளந்தோம் தெரியுமா, அத்தை? அதைக் கொஞ்சம் நகர்த்தினால் அதன் பக்கத்திலேயே தொட்டிலைப் போட முடியுமா என்று பார்த்தோம். நான் திரும்ப வேலைக்குப் போகும்போது பகலெல்லாம் பாப்பாவை மாமாதான் பார்த்துக்கொள்ள வேண்டும், அவரை நம்பித்தான் இத்தனையும். வாழ்நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவரிடம் இன்னொரு வேலையைக் கேட்பதா என்றுதான் வாய் வரவில்லை. இன்றைக்குச் சாயங்காலமே தொட்டிலைப் பூட்டிவிட என் கணவரிடம் சொல்லிவிட்டேன், மாமா படுத்தால் வலது கை எட்டுகிற தூரத்தில். அதனால் நீங்கள் அதட்ட வேண்டியது அவரைத்தான், ஆனால் வேறு மாதிரி அதட்ட வேண்டும். என்னிடம் சொல்லாமல் சனிக்கிழமை எங்கேயும் போகக் கூடாது என்று எழுதுங்கள். என் பேச்சைவிட உங்கள் குட்டுக்குத்தான் மரியாதை அதிகம்.

ஊரில் இருக்கிற அறையெல்லாம் எத்தனை பேர் நிற்கலாம் என்று அளந்தவர், எங்கள் ஹாலை ஒரு நாளும் அளக்கவில்லை. மத்தியானம் சீக்கிரமே வீடு திரும்பி, அவர் வாக்கிங் போயிருந்த நேரத்தில் நானே கதவோர மூலையில் போய் நின்று, அவர் மாதிரியே எண்ணிப் பார்த்தேன். கட்டில், தொட்டில், சோபா, என் வயிறு எல்லாம் போக இன்னும் பதினோரு பேர் நிற்கலாம். மணி அடிக்கவே இல்லை, அத்தை. அவரை இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.